எட்டாவது மூலை

முதல் பெட்டி தும்மப்போகிற ஆடு மாதிரி இருந்தது.
இரண்டாவதுக்கு வயிறு.
மூன்றாவதை எட்டிப்பார்த்த நேசராசா
"லொறி ஏறின பிஸ்கற் ரின்னோ?" என்றான்.

மாசிக் கடைசி. ஒட்டுசுட்டான் சங்கக் களஞ்சியத்தில்
தராசடியில் இருப்பவள் நான்.
ஓர் உழவு மெஷின் போய் அடுத்தது வரும்வரை
பிழைத்த பற்றுச்சீட்டுகளின் முதுகு எனக்கு.
நீலப் பேனை. அழிக்கக்கூடாது.
அதுதான் முதல் விதி என்று
போனில் ஒரு பெடியன் சொன்னான்.
இரண்டாவதைச் சொல்ல வாயெடுத்தான்,
டேட்டா முடிந்தது.
திறந்த வாயின்மேல் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது.

மிச்சத்தைப் பெட்டிகளிடமே கேட்பதென்று இருந்துவிட்டேன்.
முந்நூறு கீறுவது.
ஓர் அட்டிக்கு முந்நூறு மூட்டை, வேறு காரணமில்லை.

ஒரு புள்ளி, மூன்று கோடு: கோழிக்கால்.
பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் துணைக்கோடுகள்.
தூரம் போகப் போக அவை நெருங்கவேண்டும்.
என் கை விரித்தது.
சாக்கின் இரண்டு ஓரமும் ஒரே நீளம்,
அதை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன் என்று
அடம்பிடித்தது.
புதுக்குடியிருப்பு றோட்டில் நடுவில் நின்று
கரண்ட் தூண்களைக் காட்டினேன் கைக்கு.
பார், குட்டையாகிக் குட்டையாகி
கடைசித் தூண் உன் பெருவிரல் நகத்துக்குள்.
பார்த்தது.
திரும்பி வந்து மறுபடி விரித்தது.

நாற்பத்தொன்றைச் சோதிக்க
சிவப்புப் பேனையும் அடிமட்டமும் எடுத்தேன்.
கோடுகள் தாளுக்குள் சந்திக்கவில்லை.
தாளைச் சீமெந்தில் வைத்து
சோக்கால் இழுத்துக்கொண்டு போனேன்,
தராசின் காலைச் சுற்றி, சாக்கூசி டப்பாவைத் தள்ளி,
வாசல் தாண்டி, மண்ணில் தடியால்.
ஒன்று பாலைமரத்தடியில் போய் நின்றது.
மற்றது நேசராசாவின் சைக்கிளுக்குக் கீழே.
"ரெண்டு முழம் பிழை" என்றேன்.
"சைக்கிளை எடுக்கவோ?" என்றான்.

நூறுக்குப் பிறகுதான் தெரிந்தது.
எப்படித் திருப்பினாலும் பெட்டி ஏழு மூலைதான் காட்டும்.
எட்டாவது பின்னால்.
பெட்டியைக் கண்ணாடி என்று நினைத்து
அதையும் கீறவேண்டும்.
மூன்று கோடுகள் அங்கே வந்து சேரவேண்டும், சேராது.
நடுவில் எள்ளளவு முக்கோணம்.
முன்பக்கத்தில் நான் விட்ட சின்னப் பிழைகளெல்லாம்
சத்தமில்லாமல் நடந்து போய்
அங்கேதான் கூடுகின்றன.

எங்களிடம் ஒரு பச்சைப் பெட்டி இருந்தது.
கயிற்றுப் பிடி. பக்கத்தில் வெள்ளை எழுத்து,
எங்களுக்கு வாசிக்கத் தெரியாதது.
முன்னம் அதற்குள் என்ன வந்ததென்று
எல்லோருக்கும் தெரியும், எவரும் சொல்வதில்லை.
எங்களிடம் இருந்தபோது அரிசி.
விசுவமடுவில் அதன்மேல் கொப்பி வைத்துப்
பின்னக்கணக்குச் செய்தேன்.
அடுத்த ஊரில் மிச்சக் கணக்கு.
அதற்கடுத்த ஊரில் கணக்கு இல்லை,
அதன் பின்னால் குந்தியிருந்தோம்.
எந்தப் பக்கம் பின்பக்கம் என்று
அன்று பெட்டிக்குத்தான் தெரிந்திருக்கும்.

நூற்றி அறுபது அது.
கயிறு கீறவில்லை, எழுத்தும் இல்லை.
முழங்கால் உயரத்திலிருந்து பார்த்தபடி.
எட்டாவது மூலை சேரவில்லை.
நூற்றி அறுபத்தொன்றும் அதேதான்.
நூற்றி அறுபத்திரண்டு வெறும் பெட்டி.

இருநூற்றுப் பன்னிரண்டில் சேர்ந்தது.

மூன்று கோடும் வந்து ஒரே இடத்தில் குத்தி
மை கொஞ்சம் ஊறியது.
வாயைத் திறக்குமுன் வாசலில் மெஷின் சத்தம்.
அறுபத்துநாலரைக் கிலோ. ஈரத்துக்குக் கழிவு.
எழுதி, கிழித்துக் கொடுத்து,
மெஷின் வளைவு திரும்பிய பிறகுதான் பார்க்கிறேன்:
நல்ல சீட்டின் முதுகில் கீறியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அந்த ஆள் வந்தார்,
கருவேலன்கண்டல் ஐங்கரலிங்கம்.
"தங்கச்சி, பின்னுக்குப் பெட்டியொண்டு கிடக்கு.
இதுக்கும் கழிச்சனியளோ?"
இல்லையென்றேன்.
"அப்ப கிடக்கட்டும்."
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து
மேலே பீடிக்கட்டையும் வைத்தார்.

நேசராசா அட்டியின் உச்சியிலிருந்து
"எத்தினை?" என்று கத்தினான்.
மூட்டையைக் கேட்டானோ தெரியவில்லை.
இருநூற்றுப் பதின்மூன்று என்றேன்.
ஒரு புள்ளி,
மூன்று கோடு.